மனந்திரும்புதல்: சில குறிப்புகள்

1

எழுத்தாளன் ஒருவன் மதத்தின் பக்கம் போய்விட்டான் என்றால், அவன் சிந்திப்பதிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டான் என்றுதான் நம் வட்டத்தில் அர்த்தப்படுத்திக்கொள்கிறோம். கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து சார்த்தரைப் பற்றிப் பேசுகிறவரை நாம் சந்தேகிப்பதில்லை. அது பழக்கம், கலாசாரம் என்று விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகிறவன் கவிதையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் மட்டும் அதில் ஒரு பிரசங்கம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறோம். இந்தப் பாகுபாடு எப்படி வந்தது என்பது தனி விஷயம். ஆனால் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் எலியட். 1917இலிருந்து 1925வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தவர். 'தி வேஸ்ட் லேண்ட்' வெளியான 1922இல் அவர் வங்கி ஊழியர்தான். 1927 ஜூனில் ஃபின்ஸ்டாக் என்ற சிற்றூரின் தேவாலயத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த வருஷம் வர்ஜீனியா உல்ஃப் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், இனி அந்த மனிதர் நமக்கு இறந்தவர்தான் என்ற பொருள்பட எழுதினார். நாத்திகர்களின் சபையிலும் சாதிப்பிரஷ்டம் உண்டு.

உல்ஃபின் கோபத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஞானஸ்நானம் பெற்று ஆறு வருஷங்கள் கழித்து, 1933இல், எலியட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் யூதர்களைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம் வெட்கத்துக்குரியது. மறுவருஷம் புத்தகமாக வந்த அதை அவர் பின்னர் மறுபதிப்புச் செய்ய விடவில்லை. அதே மனிதர்தான், அதே விசுவாசத்தை வைத்துக்கொண்டு, 'ஃபோர் குவார்டெட்ஸ்' எழுதினார். ஆகவே விசுவாசம் சிந்தனையைக் கொன்றுவிடும் என்பதற்கும் எலியட் சாட்சி இல்லை. தானாகவே அதைச் சுத்தப்படுத்திவிடும் என்பதற்கும் சாட்சி இல்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. சிந்தனை என்று நாம் எதைச் சொல்கிறோம்? அது புதிதாவது என்றால் என்ன? புதிதானதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? இந்தக் கேள்விகள் எனக்குப் புத்தகங்களிலிருந்து வரவில்லை.

2

நான் பாடியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. இந்த ஊருக்கு இரண்டு முகங்கள். ஒன்று திருவலிதாயம். சம்பந்தர் பாடிய ஸ்தலம். பரத்வாஜர் வலியன் குருவியாக வந்து பூஜித்ததாக ஐதிகம். வியாழக்கிழமைகளில் குருவுக்கு அர்ச்சனை செய்யக் கூட்டம் வரும். மற்றது 1960களில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் வந்தபின் உண்டான பாடி. பஸ் கண்டக்டர்கள் நிறுத்தத்தின் பெயரையே 'லூகாஸ்' என்றுதான் கூவுவார்கள். என் அப்பா இரண்டாவது பாடிக்கு வந்து சேர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்த்து, அரை கிரவுண்டு வாங்கி, வீடு கட்டி, மேலே ஒரு போர்ஷன் எழுப்பி, உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் நிலம் வாங்கிய விலைக்கு இன்று ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.

அண்ணன் அந்த வீட்டில் இருக்கிறான். மாடி வாடகையை அவனே வாங்கிக்கொள்கிறான். ஒரு தொகையைச் சொல்லி, நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டான். தொகை கேலிக்குரியதாக இருந்தது. அவன் கேட்ட விதம் அதைவிட மோசம். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இது ஒன்றும் அபூர்வமான கதையல்ல என்று எனக்குத் தெரியும். பாடியில் மட்டுமல்ல, கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி முழுக்க, தகப்பன்மார் ஆலைச் சம்பளத்தில் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டுகளின் மேல் பிள்ளைகள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்களிடமிருந்தே இப்படிப்பட்ட கதைகளை வாரத்துக்கு இரண்டு கேட்கலாம்.

நான் சொல்ல வந்தது கதையை அல்ல. அது என் தலைக்குள் நடந்த விதத்தை. பாஸ்புக்கை இயந்திரத்தில் செருகிவிட்டு அது அச்சடித்து முடிக்கும்வரை காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் வழக்கு ஆரம்பமாகிவிடும். நானே வக்கீல், அண்ணனுக்கும் நானே வக்கீல். அவன் தரப்பைத் தோற்றுப்போகிற மாதிரி எடுத்துச் சொல்வேன். பிறகு நீதிபதியாகி எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதுவேன். தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிய வேண்டும் அல்லவா? முடியாது. அடுத்த பாஸ்புக்குக்கு மறுபடியும் முதலிலிருந்து விசாரணை. நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்று கொடுக்க வந்து நிற்கும் பென்ஷன்காரர்களின் விரல் ரேகை கருவியில் பதியாமல், அவர்கள் விரலை வேஷ்டியில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்க, நான் மூன்றாவது முறையாக மேல்முறையீட்டை விசாரித்துக்கொண்டிருப்பேன்.

கவனிக்க வேண்டிய விஷயம், இது எனக்குச் சிந்தனை மாதிரியே இருந்தது என்பது. தர்க்கம் இருந்தது. ஆதாரங்கள் இருந்தன. விமர்சனக் கட்டுரை எழுதுகிறவனின் பயிற்சியெல்லாம் இதற்கு உபயோகப்பட்டது. எதிராளி எந்த வாக்கியத்தில் நழுவுகிறான் என்று கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதும்போது எப்படிச் செயல்படுமோ அப்படியே செயல்பட்டது. இல்லாதது ஒன்றுதான்: புதிதாக ஒரு தகவல். மூன்று வருஷத்தில் அந்த நீதிமன்றத்துக்குள் ஒரு புதிய தகவல்கூட நுழையவில்லை.

3

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போன துறவிகள் இந்த விவகாரத்தில் நிபுணர்கள். அவர்களில் ஒருவரான எவாக்ரியஸ் (இறந்தது கி.பி. 399இல்) மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகைப்படுத்தினார். இந்த எட்டுத்தான் காசியன் வழியாக மேற்கே போய், பெரிய கிரெகோரியின் கையில் ஏழு தலையாய பாவங்களாக மாறின. மாறும்போது ஒரு நஷ்டமும் ஏற்பட்டது. எவாக்ரியஸ் பேசியது பாவங்களைப் பற்றி அல்ல, எண்ணங்களைப் பற்றி. அவை வருகின்றன. வருவது நம் கையில் இல்லை. வந்தது தங்குகிறதா, நம்மைக் கிளறுகிறதா என்பதில்தான் நமக்குப் பொறுப்பு இருக்கிறது.

அந்த எட்டில் ஒன்றுக்குத் தமிழில் சரியான சொல் இல்லை. சோர்வு, சலிப்பு, மனம் ஓரிடத்தில் நில்லாமை எல்லாம் சேர்ந்த ஒன்று. நடுப்பகலின் பேய் என்று துறவிகள் அதை அழைத்தார்கள். அது நான்காம் மணி அளவில் வந்து எட்டாம் மணிவரை முற்றுகையிடும் என்கிறார் எவாக்ரியஸ். நம் கணக்கில் காலை பத்திலிருந்து பகல் இரண்டு. வங்கிக் கவுண்டர்களின் பழைய நேரம் அது! சூரியன் நகராததுபோல் தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பான். வெளியே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். சகோதரர்களிடையே அன்பு அற்றுப்போய்விட்டது என்று நினைப்பான். அண்மையில் யாராவது அவன் மனத்தை நோகடித்திருந்தால் அந்தப் பேய் அதையும் எடுத்து வந்து மேலே சேர்க்கும். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது பக்தி இல்லை. அடையாளம் கண்டுகொண்ட திடுக்கிடல். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒருவர் என் கவுண்டருக்குள் எப்படி வந்தார்?

மனத்தைப் பற்றி நமக்குச் சொல்ல எகிப்துக்காரன் வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்லலாம். உண்மைதான். சித்தர்களும் தாயுமானவரும் மனத்தோடு போராடியதைப்போல யாரும் போராடியதில்லை. ஆனால் நான் படித்த அளவில், அவர்களுக்கு மனமே பகை. அதை அடக்க வேண்டும், கடைசியில் அது இல்லாமற் போக வேண்டும். எவாக்ரியஸும் சலனமற்ற நிலையைத்தான் நாடுகிறார். ஆனால் அவரிடம் ஒரு தினசரி வேலைத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிராக வேதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்து, எட்டுப் பிரிவுகளில் ஒரு கையேடே தொகுத்தார். எண்ணத்தை அழிப்பதற்கு அல்ல, அதற்குப் பதில் சொல்வதற்கு. மௌனத்துக்கும் பதிலுக்கும் உள்ள தூரம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. நான் மௌனம் கூடாதவன். பதில் சொல்வது ஒருவேளை என்னால் முடியும்.

4

'மனந்திரும்புதல்' என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு அதன் மேல் பாசி பிடித்துவிட்டது. தெருமுனைக் கூட்டங்களின் ஒலிபெருக்கியில் அது ஒரு மிரட்டல். சினிமாவில் கடைசி ரீலில் வில்லன் செய்வது. சொல்லைக் கழுவிப் பார்த்தால் அதிசயமாக இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுதல் என்பதுதான் பொருள். அதன் பின்னால் நிற்கும் எபிரேயச் சொல்லோ திரும்புதல். போன வழியிலிருந்து திரும்பி வருவது. அதில் மனம் என்ற பகுதி கிடையாது. தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கிரேக்கத்திலிருந்து மனம், எபிரேயத்திலிருந்து திரும்புதல். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தமிழே செய்துகொண்டதா, சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சேற்றத் தொடங்கிய 1714இலிருந்து, பெப்ரீஷியஸ் வழியாக, 1871இல் பவர் தலைமையிலான குழு கொண்டுவந்த மொழிபெயர்ப்புவரை, நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் பல கைகள் இந்தச் சொற்களைத் தேய்த்திருக்கின்றன.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் மனம் புதிதாவதைப் பற்றிப் பேசுகிறார். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் அறிவு, புத்தி, பார்வை என்பவற்றை உள்ளடக்கியது. நம் வழக்கில் 'மனம்' என்றால் முதலில் உணர்ச்சிதான் ஞாபகத்துக்கு வருகிறது: மனம் உருகியது, மனம் நொந்தது, மனசு கேட்கவில்லை. இதனால் ஒரு திசைதிருப்பல் நிகழ்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்க் கிறிஸ்தவன் மனம் புதிதாவது என்றால் கண்ணீர் வருவது என்று எடுத்துக்கொண்டான். எழுப்புதல் கூட்டங்களில் நாம் பார்ப்பது அதுதான். பவுல் கேட்பதோ அழுகையை அல்ல. மனம் புதிதானவன் எது நன்மை என்று சோதித்துப் பார்த்து அறிய வேண்டும் என்கிறார். அது ஒரு விமர்சகனின் வேலை.

5

தமிழில் இப்படி மனம் மாறியவர்களில் நாம் ஆராயத்தக்கவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பன்யனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' (1678) நூலைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' பத்திரிகையில் தொடராக வந்து 1894இல் நூலாயிற்று. 3,700க்கும் மேற்பட்ட செய்யுட்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று பட்டம் கொடுத்து, பாடப்புத்தகத்தில் சில பாடல்களைச் சேர்த்து, நாம் அவரை அடக்கம் செய்துவிட்டோம்.

காவியத்தைப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. முப்பத்தொரு வயதில் ஒருவர் தன் உலகத்தையே மாற்றிக்கொள்கிறார். வீடு, உறவு, தெய்வம், பெயர் எல்லாம் மாறுகின்றன. ஆனால் விருத்தம் மாறவில்லை. நாட்டுப் படலம் பாடுகிற குரல் மாறவில்லை. கம்பனின் ஓசை கம்பனுடையதாகவே இருக்கிறது. இது புதிதான மனமா, பழைய மனத்தில் புதிய பெயர்ச்சொற்களா?

பன்யனை நினைத்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். பன்யன் பாத்திரம் பழுதுபார்க்கிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் பிடிபட்டுப் பன்னிரண்டு வருஷம் சிறையிலிருந்தவர். அவருடைய உரைநடை சந்தையில் பேசுகிற பேச்சு. அவர் 1666இல் வெளியிட்ட சுயசரிதம் ஒன்று உண்டு. அதில், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற ஒரே எண்ணம் ஏறக்குறைய ஒரு வருஷ காலம் தன்னைத் துரத்தியதை எழுதுகிறார். சாப்பிட உட்கார்ந்தாலும், குச்சி வெட்டினாலும், விற்றுவிடு, விற்றுவிடு என்று தலைக்குள் அடிக்கிறது. அவர் உடம்பே அசைந்து அதை எதிர்க்கிறது. திரும்பத் திரும்ப வரும் எண்ணத்தைப் பற்றி இவ்வளவு ஸ்தூலமாக எழுதப்பட்டதை நான் அதிகம் படித்ததில்லை. இந்தப் பன்யன் தமிழுக்கு வரவில்லை. யாத்திரிகனின் வரைபடம் வந்தது. வரைபடம் போட்டவனின் தூக்கமில்லாத இரவுகள் வரவில்லை. காவிய மரபில் அவற்றுக்கு இடமில்லை. தலைக்குள் அடிக்கும் ஒற்றைச் சொல்லை விருத்தத்தில் எப்படி வைப்பது?

ஆனால் இதோடு நிறுத்தினால் கிருஷ்ண பிள்ளைக்கு அநியாயம் செய்தவனாவேன். காவியத்தின் நடுவே அவர் தேவாரம் என்று பெயரிட்டுப் பதிகங்களைச் சேர்த்திருக்கிறார். அங்கே கதை நின்றுவிடுகிறது. கம்பனின் கம்பீரம் இறங்கிவிடுகிறது. ஒரு மனிதன் ஒருவரை நோக்கிப் பேசுகிறான். ஆழ்வார்களிடம் படித்த மொழிதான். வைணவத்தில் அவர் கற்ற சரணாகதியின் தோரணைதான். ஆனாலும் அந்த இடங்களில் மொழி உபயோகத்தில் இருக்கிறது, அலங்காரத்தில் இல்லை. இதிலிருந்து எனக்குக் கிடைத்தது இது: மனம் புதிதாவது என்றால் பழைய சொற்களைத் தூக்கி எறிவது அல்ல. யாரை முன்வைத்துப் பேசுகிறோம் என்பது மாறுவது. என் தலைக்குள் நடந்த வழக்கில் பேசுகிறவன், கேட்கிறவன், தீர்ப்பளிக்கிறவன் எல்லோரும் நானே. அங்கே எதிரில் யாரும் இல்லை.

6

எதிரில் யாரோ இருக்கிறார் என்று நம்பிவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். இன்றும் அவர் கீர்த்தனைகள் இல்லாமல் எங்கள் ஆராதனை நடக்காது. அவரேதான் 1829இல், சபைக்குள் சாதி வித்தியாசத்தை ஒழிக்க முற்பட்ட இளைய மிஷனரிகளை எதிர்த்து, சாதியைத் திருத்துவதே பைத்தியம் என்று வாதாடி எழுதினார். அபாரமான தமிழறிவு, ஆழ்ந்த பக்தி, கூர்மையான தர்க்கம் எல்லாம் இருந்தன. நற்கருணைக் கிண்ணத்தை யார் முதலில் தொடுவது என்ற இடத்தில் மனம் திரும்ப மறுத்துவிட்டது.

அவரை இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உத்தேசமில்லை. இருநூறு வருஷம் கழித்து நியாயவானாக இருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தனித்தனியான கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. எனக்கு இதில் வேண்டியது ஒரு அளவுகோல். விசுவாசம் ஒருவனுடைய சிந்தனையைப் புதிதாக்கியிருக்கிறதா என்பதை அவன் எவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறான் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. இதுவரை அவன் பார்வையில் படாத யாராவது இப்போது படுகிறார்களா? விட்டுப்போன ஆள் உள்ளே வந்திருக்கிறாரா? இது ஒன்றுதான் சோதனை. இந்தச் சோதனையை இலக்கிய விமர்சனத்துக்கும் வைக்கலாம் என்பது என் எண்ணம். அதை இன்னொரு சந்தர்ப்பத்தில் எழுதுகிறேன்.

7

கர்த்தருடைய ஜெபத்தை நாங்கள் பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்கிறோம். அதனாலேயே அது காதில் விழுவதில்லை. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் ஐந்தாவது விண்ணப்பம் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை, கடனைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் புராட்டஸ்டண்டு வேதாகமத் தமிழ் அதை ஒளிக்காமல் கடன் என்றும் கடனாளி என்றும் அப்படியே வைத்திருக்கிறது. வங்கிக் குமாஸ்தாவுக்கு இதைவிடப் பரிச்சயமான சொல் வேறெது?

வங்கியில் ஒரு விஷயம் வெளியாட்களுக்கு எப்போதும் குழப்பம். வாராக் கடனை 'ரைட் ஆஃப்' செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், கடன்காரனுக்குச் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகை படிக்கிறவர்கள் கொதிக்கிறார்கள். அப்படியல்ல. ரைட் ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காகச் செய்வது. வசூலாகாது என்று மதிப்பிட்ட கடனுக்கு லாபத்திலிருந்து ஒதுக்கிவிட்டு, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதை எடுத்துவிடுகிறோம். கடன்காரன் கடன்காரனாகவே இருக்கிறான். நோட்டீசு போகும், வழக்கு நடக்கும், வசூல் தொடரும். தள்ளுபடி என்பது வேறு. அதில் கடன் என்ற உறவே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவனிடம் கேட்க வங்கிக்கு உரிமை கிடையாது.

அண்ணனைப் பற்றிக் கேட்பவர்களிடம், அதையெல்லாம் நான் விட்டாயிற்று என்று சொல்லிவந்தேன். சொன்னது பொய்யில்லை. ரைட் ஆஃப் ஆகியிருந்தது. வெளியே காட்டும் கணக்கில் அவன் பெயர் இல்லை. உள்ளே வசூல் நடந்துகொண்டிருந்தது. அந்த ஜெபம் கேட்பதோ தள்ளுபடியை. எனக்கு வர வேண்டியது உண்மையாகவே எனக்கு வர வேண்டியதுதான் என்பதை அது மறுக்கவில்லை. கடன் இல்லாத இடத்தில் தள்ளுபடி எப்படி? அண்ணன் நல்லவன் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்று, தமிழில் தெரியக்கூடியது. அந்த ஜெபம் முழுக்கப் பன்மையில் இருக்கிறது; 'நான்' அதில் எங்கும் கிடையாது. பன்மையிலும் தமிழ் இரண்டு வைத்திருக்கிறது: நம், எங்கள். நம் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. எங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. கடவுளிடம் பேசுகிறவன் எங்கள் கடன் என்றுதான் சொல்ல முடியும். கடவுள் கடனாளி இல்லை. ஆனால் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் என்னோடு நிற்பது யார்? கேட்கிறவரைத் தவிர மற்ற எல்லோரும். அண்ணனும்தான். அவனை எதிர்க்கட்சியாக நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தை இலக்கணப்படி சொல்ல முடியாது. வழக்கில் அவன் எனக்கு எதிரில் நிற்கிறான். ஜெபத்தில் என் பக்கத்தில் நிற்கிறான். இதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், கவுண்டரில் உட்கார்ந்து, வழக்கு ஆரம்பித்தபோது அதற்குப் பதிலாக அந்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக் கண்டுகொண்டேன். ஒளி ஒன்றும் தெரியவில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

8

நாள்தோறும் இப்படிச் சொல்லிவந்ததில் மனம் சாந்தியடைந்தது என்று எழுதினால் அது சாட்சிக் கூட்டத்தின் மொழியாகிவிடும். நடந்தது வேறு. எண்ணம் வந்து நிற்கும், அது வழக்காக வளரும் முன் சற்று இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் வேறு கேள்விகள் நுழைந்தன. எங்கள் என்றால் யார் யார்?

இந்த மூன்று வருஷமும் உறவினர்கள், சர்ச்சின் பெரியவர்கள், பத்திரம் எழுதுகிறவர், எல்லோரும் இரண்டு பங்கு என்றே பேசினார்கள். அண்ணன் பங்கு, தம்பி பங்கு. எங்களுக்குப் பொருந்துவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவனின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசமில்லாமல், சமமாக. நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். ஆகவே வீட்டை ஒன்பது பாகமாக்கினால் அம்மாவுக்கு மூன்று; அண்ணனுக்கு, ஆவடியில் இருக்கும் அக்காவுக்கு, எனக்கு, ஆளுக்கு இரண்டு. அந்தப் பேச்சு எதிலும் அம்மாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணத்தில் செய்ததோடு கணக்கு முடிந்ததாக ஒரு ஐதிகம் இருந்தது. என் விடுதலைப் பத்திரத்துக்கு அண்ணன் சொன்ன தொகை நியாயமா என்பது பெரிய கேள்வியின் ஒரு மூலை.

சிந்திப்பதிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டவனுக்கு இந்தக் கணக்கு வந்திருக்குமா என்று நண்பர்கள் யோசித்துப் பார்க்கட்டும். இதை ஒரு வக்கீல் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார் என்பது எனக்கும் தெரியும். சட்டம் புத்தகத்தில் எப்போதும் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டிய அவசியம் ஒருவனுக்கு எப்போது தோன்றுகிறது என்பதுதான் நான் பேசிக்கொண்டிருக்கும் விஷயம். அதே ஜெபத்தைத் தினமும் சொல்லிக்கொண்டே அம்மாவின் பங்கை விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 'எங்கள்' என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை முதலில் நீட்டியவர்களும் இருந்தார்கள். ஜெபம் மந்திரமல்ல. காதில் விழுந்தால்தான் உண்டு.

தள்ளுபடி என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குச் சேர வேண்டியதை நான் விடலாம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் சேர வேண்டியதை நான் விட முடியாது, அது என் கடன் அல்ல. ஒன்பது பாகக் கணக்கை ஒரு தாளில் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். கூடவே மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறதாமே, அம்மா பிடித்துக்கொண்டு ஏறுவாள், பார்த்துக்கொள் என்றும் எழுதினேன். இரண்டாவது சனிக்கிழமை எல்லோரும் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. கைப்பிடியைச் சரிசெய்துவிட்டதாக மட்டும் பதில் வந்தது.

அம்மாவிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். தாளை வாங்கிப் பார்த்தாள். எழுபது வயதுக்குமேல் தன் பெயரில் மூன்று பாகம் இருப்பதை அவள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வாள் என்று எண்ணியிருந்தேன்.

"எனக்கு எதுக்குய்யா மூணுல ஒண்ணு? நீங்க ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு அதுல எழுதியிருக்கா?"

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.